பதுங்கியவர் யார்?



வரலாறு என்றவுடன் மன்னர் பெயர்களும், போர்க்களங்களும், உடன்படிக்கைகளும், ஆண்டுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் வரலாற்றின் பகுதிகளே. ஆயினும், இவற்றை நமக்கு எடுத்துரைக்கும் சொற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வழக்குமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவனை ‘நீ யார்? எவர் பக்கத்தவன்?’ என்று வினவுகிறோம். வரலாற்று நூலில் வரும் சொல்லையோ ஒரு வினாவும் இன்றி நம்பிவிடுகிறோம். இன்று அத்தகைய சொல் ஒன்றை உங்கள் முன் நிறுத்தி விசாரிக்க எண்ணுகிறேன். அது ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு சிறு வினைச்சொல். ‘ஸ்கல்க்’ என்பது அதன் ஒலி. பிறர் கண்ணிற் படாமல் ஒளிந்தொளிந்து நடமாடுதல் என்பது அதன் பொருள்.

இச்சொல்லின்மீது எனக்கு ஆர்வம் பிறந்தது கல்லூரியில் படித்த நாட்களில். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வரலாற்றுப் பகுதி ஒன்றைத் தமிழில் பெயர்த்து எழுதுமாறு எங்கள் ஆசிரியர் பணித்தார். அதில் இச்சொல் வந்தது. அகராதியைப் புரட்டினேன், ‘பழங்குடியினர் காடுகளிற் பதுங்கித் திரிந்தனர்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஏடு திரும்பி வந்தபோது அவ்வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘யார் கூற்று?’ என்ற இரண்டு சொற்கள் இருந்தன. எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று அஞ்சி ஆசிரியரிடம் சென்றேன். “பெயர்ப்பில் பிழையில்லை, தம்பி. பதுங்கினார்கள் என்கிறாயே, அப்படிச் சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறான் என்று நினைத்துப் பார்த்தாயா?” என்றார் அவர். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்றைய பேச்சு அவ்வினாவுக்கு நான் காலங்கடந்து எழுதும் விடை என்று கொள்ளுங்கள்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓசைப்படாமலும் பிறர் அறியாமலும் நடமாடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. ‘டிப்டோ’ என்றால் நுனிக்காலால் நடத்தல். உறங்கும் குழந்தையை எழுப்பாமல் அறையை விட்டு வெளியேறும் தாய் அப்படி நடக்கிறாள். அதிற் குற்றம் ஏதுமில்லை. ‘கிரீப்’ என்பது ஊர்தல். ‘ஸ்லிங்க்’ என்பதும் பண்டு ஊர்வனவற்றின் நகர்ச்சியைக் குறித்தது; இன்று, அடிபட்ட நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு நழுவுகிறதே, அத்தகைய நழுவலைக் குறிக்கிறது. ‘ப்ரவுல்’ என்பது இரை தேடும் விலங்கின் உலாவல். ‘ஸ்னீக்’ என்பதில் சூது உண்டு. ‘லர்க்’ என்பது ஓரிடத்தில் மறைந்து காத்திருத்தல்.

‘ஸ்கல்க்’ இக்குடும்பத்தில் பழிமிக்க பிள்ளை. அதில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று தீய எண்ணம், மூன்றாவது, செய்யவேண்டிய கடமையினின்று நழுவுதல். இம்மூன்றில் ஒன்றேனும் இல்லாமல் அச்சொல்லை ஆங்கிலேயர் வழங்குவதில்லை. திருடன் சந்திலே ‘ஸ்கல்க்’ செய்கிறான். வேலைக்கு அஞ்சியவன் மூலையிலே ‘ஸ்கல்க்’ செய்கிறான். ‘நான் ஸ்கல்க் செய்தேன்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவன் இல்லை. இலக்கணத்தில் அவ்வினைக்கு மூன்று இடமும் உண்டு. வழக்கிலோ அது படர்க்கைக்கே உரியது போல வாழ்கிறது. எப்போதும் அவன்தான் பதுங்குகிறான், அவர்கள்தாம் பதுங்குகிறார்கள்.

நம் ‘பதுங்குதல்’ அதற்கு முற்றும் நிகராகாது. புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது நம் நாட்டுப் பழமொழி. அங்கே பதுங்குதல் இழிவன்று. ஆற்றலை அடக்கி வைத்திருக்கும் நிலை. ஆங்கிலச் சொல்லில் அந்தப் புலி இல்லை. அங்கே இருப்பது நரி. 1486ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சாகிய வேட்டைக்கலை நூல் ஒன்று உண்டு. யானைக்கூட்டம், ஆட்டுமந்தை, பறவைத்திரள் என்று நாம் சொல்வதுபோல், ஒவ்வொன்றின் தொகுதிக்கும் உரிய பெயர்களை அந்நூல் பட்டியலிட்டது. அப்பட்டியலில் நரிக்கூட்டத்துக்கும் திருடர் கூட்டத்துக்கும் ‘ஸ்கல்க்’ என்பதே பெயர். ஊரூராய் இரந்து திரிந்த துறவியர் கூட்டத்துக்கும் அதே பெயரைச் சூட்டி நகைத்திருக்கிறார் அப்பட்டியலை ஆக்கியவர். ஒரு சொல்லைக் கொண்டே மூவரை ஒரு கூண்டில் அடைத்துவிட்ட திறமையைப் பாருங்கள்!

இனி, இச்சொல் பிறந்த இடத்தைக் காண்போம். இது ஆங்கில மண்ணிற் பிறந்த சொல்லன்று. வடகடலுக்கு அப்பால் நார்வே, டென்மார்க், சுவீடன் ஆகிய ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது. அதன் தொடக்க ஒலியே அதற்குச் சான்று. ‘ஸ்க்’ என்ற பண்டைய ஒலி ஆங்கிலேயர் நாவில் ‘ஷ்’ என்று மாறிவிட்டது. வடநாட்டவர் நாவிலோ மாறாமல் நின்றது. ஆதலால் ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்களில் ஆங்கிலேயரது ‘ஷர்ட்’ ஆயிற்று. வடநாட்டவரது ‘ஸ்கர்ட்’ ஆயிற்று. வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, தோலைக் குறிக்கும் ‘ஸ்கின்’, திறமையைக் குறிக்கும் ‘ஸ்கில்’ ஆகியவையும் அவ்வழியே வந்தவை. ‘ஸ்கல்க்’ என்பதும் அவ்வரிசையிற் சேர்ந்ததே. 13ஆம் நூற்றாண்டின் தொடக்க அளவில் அது ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது.

அச்சொல்லின் உறவினர் இன்றும் வடநாடுகளில் வாழ்கின்றனர். டேனிய மொழியில் ‘ஸ்குல்க’ என்றும், சுவீடிய மொழியில் ‘ஸ்கோல்க’ என்றும் வழங்கும் சொற்களுக்கு என்ன பொருள் தெரியுமா? பள்ளிக்கு மட்டம் போடுதல்! வகுப்புக்கு வராமல் எங்கோ மறைந்து திரியும் மாணவனைச் சுட்டவே அந்நாட்டவர் அச்சொல்லைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். உங்களுள் எவருக்கேனும் இவ்வினையோடு நேரடிப் பழக்கம் இருக்குமாயின், அதை இங்கே நான் ஆராயப் போவதில்லை.

இச்சொல்லைக் கொண்டுவந்தவர் எப்படி வந்தனர்? கி.பி. 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்திலுள்ள லிண்டிஸ்பார்ன் தீவின் துறவிமடத்தை வடகடற் கொள்ளையர் தாக்கினர். வைக்கிங்குகள் என்று வரலாறு அழைக்கும் அவர்கள் அதன்பின் மீண்டும் மீண்டும் வந்தனர். 865இல் ஒரு பெரும்படையாகவே வந்து இறங்கினர். அடுத்த ஆண்டில் யார்க் நகரம் அவர்கள் கைப்பட்டது. ஆங்கில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. இறுதியில் ஓரளவு நிமிர்ந்து நின்றது தெற்கேயிருந்த வெசெக்ஸ் நாடு ஒன்றே. அதன் மன்னன் ஆல்பிரெட்.

878ஆம் ஆண்டு சனவரித் திங்கள். கடுங்குளிர்க் காலத்தில் எவரும் படை நடத்தார் என்று வெசெக்ஸ் மக்கள் எண்ணியிருந்தனர். கிறித்துமசை ஒட்டிய பன்னிரு நாள் விழா அப்போதுதான் முடிந்திருந்தது. அவ்வேளையில் குத்ரம் என்னும் டேனியத் தலைவனின் படை யாரும் அறியாமல் வந்து சிப்பன்ஹாம் என்ற ஊரைக் கைப்பற்றியது. மக்களிற் பலர் கடல் கடந்து ஓடினர், பலர் பணிந்தனர். ஆல்பிரெட் சிறு குழுவோடு காடுகளுக்குள்ளும் சதுப்பு நிலங்களுக்குள்ளும் புகுந்தான்.

இந்நிகழ்ச்சிகளை நமக்குக் கூறுவது ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு. அது ஆல்பிரெடின் ஆட்சியிலேயே, 890ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவனுடைய நாட்டிலேயே தொகுக்கப்பட்டது. அதில் இவ்வாண்டுக்குரிய குறிப்பை நான் முதன்முதலாக ஊன்றிப் பார்த்தபோது என் ஆசிரியரின் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. டேனியப் படை வந்ததைச் சொல்ல அவ்வேட்டை எழுதியவர் ‘பெஸ்டெலன்’ என்ற வினையை எடுத்திருக்கிறார். இது ‘ஸ்டீல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்னோர் வழியினது. எஃகைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ அன்று. திருடுதலைக் குறிக்கும் ‘ஸ்டீல்’. ஆகவே அப்படை ‘திருட்டுத்தனமாக வந்தது’ என்பது அவர் கூற்று. அதே குறிப்பில், சில வரிகளுக்குள்ளேயே, தம் மன்னன் காடும் சதுப்பும் புகுந்து மறைந்து திரிந்ததைச் சொல்ல வருகிறார். அங்கே அவர் எடுத்த வினை என்ன? வெறும் ‘சென்றான்’ என்பதே! அதனோடு ‘துன்பத்துடன்’ என்ற ஓர் அடைமொழியையும் சேர்த்துக்கொள்கிறார்.

நண்பர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருவரும் மறைந்தே நடந்தனர். இருவருக்கும் மறைவே வலிமையாயிற்று. பகைவன் மறைந்து வந்தால் அது திருட்டு. நம் மன்னன் மறைந்து சென்றால் அது துன்பம். ஏட்டை எழுதியவர் பொய் சொல்லவில்லை, நடந்ததையே எழுதினார். ஆயினும் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கணத்திலேயே தீர்ப்பும் எழுதிவிட்டார். நாம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தீர்ப்பையே நிகழ்ச்சி என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வேன். ஈஸ்டர் காலத்தில் ஆல்பிரெட் அத்தெல்னி என்ற சதுப்புநிலத் திட்டில் ஓர் அரண் அமைத்தான். சில கிழமைகளில் ஆள் திரட்டி வெளிவந்து எடிங்டனில் டேனியரை வென்றான். குத்ரம் கிறித்தவ சமயம் தழுவினான். ஆல்பிரெடே அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றான். இருவரும் எல்லை வகுத்துக்கொண்டனர். வடக்கிலும் கிழக்கிலும் டேனியர் உழுது பயிரிட்டு வாழ்ந்தனர். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என ‘பி’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் குடியிருப்பின் சுவடுகள். சட்டத்தைக் குறிக்கும் ‘லா’, கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’, பலகணியைக் குறிக்கும் ‘விண்டோ’ ஆகியவை அவர்கள் தந்த சொற்கள். திருட்டுத்தனமாக வந்தவர் என்று எழுதப்பட்டவரே சட்டம் என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போயினர். ‘ஸ்கல்க்’ என்பதும் அவர்கள் விட்டுச் சென்ற சொத்தே.

இனி நாம் எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி, அட்லாண்டிக் கடலையும் தாண்டி, வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் செல்லவேண்டும். ஆங்கிலேயர் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு இச்சொல்லையும் அங்கே கொண்டு சென்றிருந்தனர். 1620இல் பிளிமத்தில் இறங்கிய குடியேறிகள் முதற் குளிர்காலத்திலேயே பாதிப்பேரை இழந்தனர். அவர்களோடு 1621இல் நட்புடன்பாடு செய்துகொண்டவர் வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட். அரை நூற்றாண்டு கழிந்தது. குடியேறிகள் பெருகினர், நிலம் கைமாறிக்கொண்டே வந்தது. மாசசோயிட்டின் மகன் மெட்டகாம் தலைவரானபோது அவர் மக்களிடம் எஞ்சியிருந்த நிலம் சிறிது, மனக்குறை பெரிது. ஆங்கிலேயர் அவரைப் பிலிப் மன்னர் என்று அழைத்தனர். 1675ஆம் ஆண்டு சூன் திங்களில் மூண்ட போர் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஐரோப்பியப் போர்முறை அன்று என்ன? வெட்டவெளியில் வரிசையாக நிற்றல், ஒருசேரச் சுடுதல், ஒருசேர முன்னேறுதல். பழங்குடி வீரர் அப்படி நிற்கவில்லை. மரத்தின் பின்னும் புதரின் பின்னும் இருந்து குறிபார்த்துச் சுட்டனர். சுட்டவுடன் இடம் மாறினர். இரு தரப்பிலும் ஊர்கள் எரிந்தன. போர் செய்யாத மக்களும் மாண்டனர். ஆங்கிலேயர் தம் எழுத்துகளில் இம்முறையை ‘ஸ்கல்கிங்’ என்று பழித்தனர். ஆண்மையோடு எதிரே வராமல் பதுங்கித் திரிபவர் என்பது அதன் கருத்து.

இப்பழி போர்க்களத்தோடு நிற்கவில்லை. ஓர் இனத்தாரே பதுங்குபவர் என்ற எண்ணம் ஊன்றிவிட்டால், வெளிப்படையாக வாழ்பவனும் ஐயத்துக்கு உரியவனாகிவிடுகிறான். பழங்குடியினரில் கிறித்தவராகி, ஆங்கிலேயரோடு இணங்கி, தனி ஊர்களில் வாழ்ந்தவர் பலர் இருந்தனர். 1675ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவர்களில் சில நூற்றுவரைப் பாஸ்டன் துறைமுகத்திலுள்ள மான் தீவுக்குக் கொண்டுபோய் விட்டனர். போதிய உணவும் உறைவிடமும் இன்றிக் குளிர்காலத்தில் பலர் இறந்தனர். அதே குளிர்காலத்தில், திசம்பர் 19ஆம் நாள், குடியேறிகளின் படை உறைந்துபோன சதுப்புநிலத்தைக் கடந்து நாரகான்செட் மக்களின் கோட்டையூரைத் தாக்கித் தீயிட்டது. பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். வரலாற்று நூல்கள் நெடுங்காலம் அதனைப் ‘பெருஞ்சதுப்பு நிலப் போர்’ என்றே எழுதி வந்தன. அங்கே பதுங்கல் என்ற சொல் வரவில்லை.

பதுங்கல் என்று பழித்த அதே முறையை ஆங்கிலேயரும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. பிளிமத் நாட்டுப் படைத்தலைவரான பெஞ்சமின் சர்ச் பழங்குடி வீரர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு அவர்கள் முறையிலேயே போரிட்டார். ஆங்கிலேயர் எப்போதும் ஒரே குவியலாக நிற்கிறார்கள், அவர்களைச் சுடுவது ஒரு வீட்டைச் சுடுவது போல எளிது என்று அவ்வீரர்கள் அவரிடம் சொன்னதாக அவருடைய போர்நினைவுகள் கூறுகின்றன. 1676ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் சர்ச்சின் படை மெட்டகாமைச் சதுப்புநிலத்தில் சூழ்ந்தது. அவரைச் சுட்டு வீழ்த்தியவர் சர்ச்சோடு இருந்த ஒரு பழங்குடி வீரர். மெட்டகாமின் தலையைப் பிளிமத்தில் ஒரு கம்பத்தில் நட்டு ஆண்டுக்கணக்கில் காட்சிக்கு வைத்தனர்.

இக்கதையின் நடுவில் ஒரு மனிதரை நினைக்கவேண்டும். ஜான் எலியட் என்னும் சமயத்தொண்டர், மாசசூசெட்ஸ் பழங்குடியினரின் மொழியைக் கற்று, அதில் விவிலியத்தைப் பெயர்த்து, 1663இல் முழுமையாக அச்சிட்டவர். அமெரிக்காவில் அச்சான முதல் விவிலியம் அதுவே. மான் தீவில் அடைபட்டவருக்காகப் பரிந்து பேசியவரும் அவர். 1677இல் அவர் இங்கிலாந்திலிருந்த அறிவியலறிஞர் ராபர்ட் பாயிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பிய முறையில் நாங்கள் பெற்றிருந்த படைத்திறனின் வெறுமையை இறைவன் எங்களுக்குக் காட்டிவிட்டார். இப்போது அந்தப் பதுங்கிப் போரிடும் முறையையே மகிழ்ந்து கற்கிறோம் என்பது அதிலுள்ள ஒரு கருத்து. ‘ஸ்கல்க்’ என்பது தன்மைக்கு வாராத வினை என்று முன்னே சொன்னேன். அதனைத் தன்மையில் ஏற்றுக்கொண்டு எழுதிய அரிய சான்று இது. பிறரைச் சுடுவதற்கு வைத்திருந்த சொல்லைத் தம்மேலும் சுமந்துகொண்ட அம்முதியவரின் நேர்மையை நான் போற்றுகிறேன்.

நூறு ஆண்டுகள் கழிந்தன. 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள். குடியேறிகளின் வழிவந்தோர் இப்போது ஆங்கில அரசையே எதிர்த்து எழுந்துவிட்டனர். பாஸ்டனிலிருந்து கான்கார்டு வரை சென்ற அரசுப்படை திரும்பி வருகையில், வழிநெடுகக் கற்சுவர்களின் பின்னும் மரங்களின் பின்னும் வீடுகளினுள்ளும் இருந்து உழவர் சுட்டனர். அரசுப்படையில் 73 பேர் இறந்தனர். 174 பேர் புண்பட்டனர். முகத்தைக் காட்டாமல் சுடுகிறார்களே என்று ஆங்கிலப் படையினர் குறைகூறினர். அன்று துணைப்படையுடன் சென்ற பெர்சி பிரபுவோ, இவர்களைத் திறமற்றவர் என்று எண்ணிவிட வேண்டா; பழங்குடியினரோடு போரிட்டுப் பழகியவர் இவர்களுள் உளர் என்று மறுநாளே எழுதினார். பாட்டனார் எவரைப் பழித்தாரோ, அவருடைய முறையே பேரனுக்கு விடுதலைப் போராயிற்று. அமெரிக்கப் பள்ளி நூல்களில் அவ்வுழவர் வீரர், பதுங்கியவர் அல்லர்.

இச்சொல்லின் மூன்றாவது இழை கடமையினின்று நழுவுதல் என்றேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அஃதாவது 1861 முதல் 1865 வரை, போர்முனையை விட்டுப் பின்தங்கி ஒளிபவனுக்கு ‘ஸ்கல்கர்’ என்பதே வசைப்பெயர். 1862 ஏப்ரல் 6ஆம் நாள் டென்னசி மாநிலத்தில் ஷைலோ என்னுமிடத்தில் எதிரிப்படை விடியற்காலையில் திடீரெனத் தாக்கியது. வடவர் படையில் ஆயிரக்கணக்கானோர் ஓடி ஆற்றங்கரை மேட்டின் அடியில் ஒண்டிக்கொண்டனர். நாலாயிரம், ஐயாயிரம் பேர் இருக்கலாம் என்று அப்படையின் தலைவர் கிராண்ட் தம் நினைவுநூலில் கணிக்கிறார். அவர்களிற் பலர் துப்பாக்கி பிடித்துச் சில நாட்களே ஆன இளைஞர். இவ்வளவும் சொன்ன கிராண்ட் அவர்களைச் சபிக்கவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் பின்னாளில் அன்று நிலைத்து நின்றவருக்கு இணையான வீரராக விளங்கினர் என்றே முடிக்கிறார். அச்சம் ஒரு நாளைய நிகழ்ச்சி. வசைப்பெயரோ வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்வது. இரண்டையும் வேறு பிரித்துக் காட்டிய அத்தலைவர், வரலாறு எழுதுவோர்க்கு ஒரு வழியும் காட்டியிருக்கிறார்.

மறைந்து போரிடுதலுக்கு வேறு பெயர்கள் இல்லையா? உண்டு. 1808 முதல் 1814 வரை நெப்போலியனின் படையை எதிர்த்து ஸ்பெயின் மக்கள் செய்த சிறு போர்களிலிருந்து ‘கெரில்லா’ என்ற சொல் உலகுக்குக் கிடைத்தது. ‘சிறு போர்’ என்பதே அதன் பொருள், அதிற் பழியில்லை. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர்கள் மறைந்து தாக்கி ஆங்கிலேயரைத் திணறச் செய்தனர். அப்போயர் படைப்பிரிவுகளுக்குப் பெயர் ‘கமாண்டோ’. 1940இல் ஆங்கில அரசு இரவில் கடல் கடந்து சென்று பகைவரைத் தாக்கத் தன் சிறப்புப்படையை அமைத்தபோது, பழம்பகைவரின் அப்பெயரையே விரும்பிச் சூட்டிக்கொண்டது.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. டேனியரைத் திருடர் போல் வந்தார் என்று வரலாற்றேடு பழித்த அந்த ‘ஸ்டீல்’ என்னும் வினையின் உறவான பெயர்ச்சொல்தான் ‘ஸ்டெல்த்’. ரேடார்க் கருவிக்கு எளிதில் அகப்படாமல் பறக்கும் போர்விமானங்களை அமெரிக்க அரசு 1988இல் உலகறியக் காட்டியபோது, அவற்றின் நுட்பத்துக்கு வழங்கிய பெயர் இதுவே. குளிர்காலத்தில் மறைந்து வந்த படைக்குப் பழிச்சொல்லான ஒன்று, இரவு வானில் மறைந்து வரும் விமானத்துக்குப் பெருமைச்சொல் ஆயிற்று. செல்வமும் வலிமையும் உள்ளவன் மறைந்து வந்தால் அது நுட்பம். காடும் புதருமே துணையாக உள்ளவன் மறைந்து வந்தால் அது பதுங்கல்.

இதனை ஆங்கிலேயரின் குறை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எம்மொழியும் இத்துலாக்கோலைக் கையில் வைத்திருக்கிறது. நம் தொல்காப்பியம் பகைவர் நாட்டு ஆநிரையை அவர் அறியாமற் கவர்ந்துவருவதை வெட்சித்திணை என்று வகுத்தது. அதற்கு ஒரு பூவைச் சூட்டியது. களவு என்றே அதனைக் குறித்தாலும், அரசன் ஏவிய வீரர்க்கு அது ஒழுக்கமாயிற்று. அரசன் ஏவாமல் ஒருவன் அதே மாட்டை ஓட்டிச் சென்றால், அவனுக்குப் பூ இல்லை. கள்வன் என்ற பெயரே உண்டு.

அப்படியானால் பழிச்சொற்களை எல்லாம் ஏட்டிலிருந்து நீக்கிவிட வேண்டுமா? வேண்டா. உண்மையிலேயே தீய எண்ணத்தோடு பதுங்குபவன் உலகில் உண்டு. அவனுக்கு அச்சொல் பொருந்தும். சொல்லை அழிப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. சொல்லைக் கேள்வி கேட்பதே அவன் வேலை. ஒரு நூலிலோ நாளிதழிலோ ‘பதுங்கினர்’, ‘ஊடுருவினர்’, ‘தப்பியோடினர்’ என்று படிக்கும்போது அவ்வினைச்சொல்லின் மேல் ஒரு நொடி நில்லுங்கள். அவ்விடத்தில் ‘சென்றனர்’ என்ற எளிய சொல்லை வைத்துப் படித்துப் பாருங்கள். நிகழ்ச்சி எவ்வளவு, தீர்ப்பு எவ்வளவு என்பது உடனே விளங்கும். பின்னர் அத்தீர்ப்பை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

மெட்டகாமின் மக்கள் அப்போரைப் பற்றித் தம் கையால் எழுதி வைத்த வரலாறு நமக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால், சதுப்புநிலத்தில் இறுதியாகச் சூழப்பட்ட அத்தலைவனின் நடமாட்டத்துக்கு அவர்கள் எந்த வினைச்சொல்லை எடுத்திருப்பார்கள்? ஆல்பிரெடைப் பற்றி எழுதியவரைப் போல, ‘துன்பத்துடன் காடுகளின் வழியே சென்றார்’ என்றுதான் எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம். என் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதிய வினாவுக்கு இதுவே நான் தரும் விடை.